இரண்டில் ஒன்று

என் தந்தையார் 2021-ஆம் ஆண்டு காலமானார். அவர் விட்டுச் சென்ற பொருள்களுள் இரண்டு வின்செஸ்டர் துப்பாக்கிகளும் இருந்தன. இரண்டும் 1892-ஆம் ஆண்டு மாதிரி. ஜான் பிரௌனிங் என்ற அமெரிக்கர் வகுத்தது. விசைக்குக் கீழுள்ள வளையத்தை முன்னே தள்ளி மீண்டும் இழுத்தால் வெற்றுத் தோட்டா வெளியே தெறிக்கும்; புதியது உள்ளே ஏறும். இரண்டுக்கும் 44-40 என்னும் தோட்டாவே பொருந்தும்.

வேறுபாடு ஒன்றே. முதலாவதன் குழல் உடலோடு இறுக முறுக்கப்பட்டது. பட்டறைக்குக் கொண்டுபோனாலன்றிப் பிரியாது. மற்றது கழற்றிப் பூட்டும் வகை. அடியிலுள்ள தோட்டாக் குழாயைத் தளர்த்தி முன்னே இழுத்து, குழலைக் கால் சுற்றுத் திருப்பினால் துப்பாக்கி இரு துண்டாகிவிடும்.

ஒருவர் மூன்று துப்பாக்கிகள் வைத்துக்கொள்ளலாம் என்றிருந்த விதியை 2019-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் இரண்டாகக் குறைத்துவிட்டது. மரபுரிமையாக வருவனவற்றுக்கும் அதே வரம்புதான். என்னிடம் ஏற்கெனவே இரட்டைக்குழல் ஒன்று உண்டு. அது மாமனார் தந்தது; அதனைக் கைவிடுவது பற்றி இல்லத்தில் பேசத் துணிவில்லை. தம்பியிடம் உரிமம் இல்லை. ஆகவே அப்பாவின் இரண்டில் ஒன்றுதான் திருவனந்தபுரத்து வீட்டில் தங்க முடியும்.

"உறுதியானதை வைத்துக்கொள், அண்ணா. அப்பா காட்டுக்குக் கொண்டுபோனது அதைத்தானே?" என்றான் தம்பி.

அவன் சொன்னது மெய்யே. பொன்முடித் தேயிலைத் தோட்டத்தில் அப்பா வேலை பார்த்த காலத்தில், ஊர் திரும்பிய துரை ஒருவர் விற்றது அது. கழற்றும் வகையோ பயணத்துக்கு உரியது. செங்கோட்டை வழியாகத் திருநெல்வேலி செல்லும் மீட்டர்கேஜ் ரயிலில், படுக்கைச் சுருளுக்குள் அடங்கிவிடும். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் வந்தபின் அப்பா வேட்டையை விட்டார், பயணமும் ஓய்ந்தது. பின், கழற்றும் துப்பாக்கியால் என்ன பயன்? நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன்.

நாகர்கோவிலில் துப்பாக்கி பழுதுபார்க்கும் முதியவர் ஒருவரிடம் இரண்டையும் காட்டினேன். கழற்றும் வகையின் முன்கட்டையைப் பற்றி முறுக்கினார். பூட்டு சற்றே அசைந்தது. என் முகம் வாடியதைக் கண்டார் போலும்.

"தம்பி, இது தேய்மானந்தான். இதைச் சரிசெய்யவே சிறு திருகாணிகள் வைத்திருக்கிறான். மற்றதன் வாயைப் பாருங்கள்" என்றார்.

உருப்பெருக்கிக் கண்ணாடியை வாங்கிப் பார்த்தேன். உறுதியானது என்று நாங்கள் போற்றிய துப்பாக்கியின் குழல்வாயில் வரிகள் ஒருபுறம் மழுங்கியிருந்தன. காரணத்தை அவரே விளக்கினார். பிரியாத துப்பாக்கியில் பின்புறத்தை இயந்திரம் அடைத்து நிற்பதால், துடைக்கும் கம்பியை வாய் வழியாகத்தான் செலுத்த வேண்டும். பழைய தோட்டாக்களின் வெடிமருந்து உப்பு ஈரத்தை இழுத்துத் துருவை வளர்க்கும். நம் ஊரின் கடற்காற்றோ கேட்க வேண்டுவதில்லை. அப்பா அடிக்கடி துடைத்தார். துடைத்த கம்பியே வாயைத் தேய்த்துவிட்டது. குண்டு இறுதியாக நீங்கும் இடம் அது. அங்கே கோணினால் குறியும் கோணும். கழற்றும் வகையின் குழலைப் பின்புறமிருந்தே துடைக்கலாம். அதன் உட்புறம் பளபளத்தது.

பெங்களூரில் வாழ்ந்து, சேலம், ஓசூர்க் காடுகளில் ஆட்கொல்லிப் புலிகளைச் சுட்ட கெனத் ஆண்டர்சன் வைத்திருந்தது 405 தோட்டா ஏற்கும் 1895 மாதிரி வின்செஸ்டர். அப்பாவுக்கு அதன்மேல் தீராத ஆசை. அத்தகைய கடும் உதைப்புள்ள துப்பாக்கியாயின் தம்பியின் கட்சியே என் கட்சியும். பூட்டு விரைவில் தளர்ந்துவிடும். 44-40-இன் உதைப்பு மென்மையானது.

திருகாணிகளை இறுக்குவித்து, கழற்றும் வகையை வைத்துக்கொண்டேன். மற்றதை உரிமம் பெற்ற வணிகர் ஒருவரிடம் ஒப்படைத்தேன். அன்றிரவு உறக்கம் வரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

வீண் தேய்மானம் வேண்டாம் என்று ஆண்டுக்கு இருமுறைக்கு மேல் அதனைக் கழற்றுவதில்லை. மழை ஓய்ந்ததும் கழற்றித் துடைத்து, குழலைச் சன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பேன். சென்றமுறை தம்பியும் உடனிருந்தான். வாங்கி, ஒரு கண்ணை மூடி, நெடுநேரம் உள்ளே பார்த்துக்கொண்டிருந்தான்.