திறவுகோல் தராத பேழை

எம் துறை மாணவர்கள் கடலாடி, சாயல்குடி, வாலிநோக்கம் ஆகிய ஊர்களில் அலைந்து திரட்டிய வட்டாரச் சொற்களைக் கணினியில் ஏற்றித் தரவுத்தளமாக்கியபோது நாம் கொண்ட பெருமிதம் சிறிதன்று. பனைத்தொழிலாளர் வழங்கும் தளைநாரும் அருவாப்பெட்டியும், கடலோடிகள் நாவில் வாழும் கொண்டலும் கச்சானும், சொன்னவர் பெயரோடும் ஊரோடும் அதில் இடம்பெற்றன. சொன்ன பெரியவர்களிற் சிலர் இன்று நம்மிடையே இல்லை.

அத்தரவுத்தளம் இருந்ததோ நாம் கண்ணாற் காணாத தொலைதூரக் கணினியொன்றில். ஆண்டு வாடகைக்கு இடமளித்த நிறுவனம் எமக்குத் தந்தவை ஒரு வலைப்பக்கமும் ஒரு கடவுச்சொல்லுமே. முற்காலத்தில் ஏடு தேடிச் சென்றோர்க்கும் இந்நிலைதான். பேழைக்குரியவர் திண்ணையில் அமர்ந்து படியெடுக்க இசைவார், திறவுகோலைத் தரமாட்டார்.

“அங்கேதான் பத்திரமாக இருக்கிறதே, இங்கும் ஒரு படி எதற்கு?” என்று கேட்டார் கல்லூரியின் மீது அன்புள்ள பெரியவர் ஒருவர். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் அரிய ஓலைச்சுவடிகளும் அழிந்ததை நினைவூட்டினோம். அவர் அதன்பின் ஒன்றும் கேட்கவில்லை.

முழு ஆளுகை உடையோர் ‘மைஎஸ்க்யூஎல் டம்ப்’ என்னும் ஒரே கட்டளையால் அனைத்தையும் ஒரு கோப்பாக்கிவிடுவர். எமக்கு அவ்வழி அடைக்கப்பட்டிருந்தது. எஞ்சியது ‘பிஎச்பி மைஅட்மின்’ பக்கத்தின் ஏற்றுமதிப் பொத்தான். அழுத்தினோம், கோப்பு வந்தது, மகிழ்ந்தோம். பல நாள் கழித்து மாணவர் ஒருவர் அதைத் திறந்து பார்க்க, கடைசி வரி ஒரு சொல்லின் நடுவே அறுந்து கிடந்தது! அப்பக்கத்திற்கு விதிக்கப்பட்ட நேரம் 300 வினாடி. அது கடந்ததும் ஓசையின்றி நின்றுவிட்டது. திறந்து பாராமல் நம்பியதை ஆசிரியராகிய நாம் ஒப்புக்கொள்ளக் கூசுகிறோம்.

ஆயினும் வல்லுநரும் இவ்வாறு இடறியதுண்டு. கிட்லேப் நிறுவனத்தில் 2017 ஜனவரி 31 அன்று பொறியாளர் ஒருவர் தவறுதலாக மூலத் தரவையே அழித்துவிட்டார். நாள்தோறும் எடுப்பதாக நம்பியிருந்த காப்புப்படி, மென்பொருட் பதிப்பு ஒவ்வாமையால், உண்மையில் எடுக்கப்படவே இல்லை. தோல்வியைத் தெரிவிக்கும் மின்மடல்களும் உரியவரைச் சேரவில்லை. ஆறு மணி நேரத்திற்கு முன் வேறொரு காரணத்திற்காக எடுத்த படியொன்றே அவர்களைக் காத்தது.

நாம் அட்டவணை அட்டவணையாக, பெரிய அட்டவணையை வரிசையெண் வாரியாகப் பகுத்து இறக்கினோம். இடையில் எவரேனும் புதுச்சொல் சேர்த்தால் சொல்லும் சொன்னவரும் பொருந்தாமற் போகக்கூடும் என்பதால், அதுவரை பதிவை நிறுத்தச் சொன்னோம். பின் துறைக் கணினியில் ஏற்றினால், திரை முழுதும் புரியாத குறிகள்! யுனிகோடின் யுடிஎஃப்-8 முறையில் தமிழெழுத்துக் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட்டு கொள்ளும்; வாங்கும் கணினி அதனை இலத்தீன் எழுத்தாகக் கருதிவிட்டது. அதனைத் திருத்தி, வரிகளை எண்ணினோம். பட்டியலில் அலைக்குறியுடன் தோன்றும் எண் வெறும் மதிப்பீடே. தனிக்கட்டளை இட்டுத்தான் உண்மை எண்ணைப் பெற வேண்டும்.

எண்கள் ஒத்தன. ஒரு வரியில் மட்டும் சொன்னவர் பெயருக்கு நேரே வினாக்குறிகள். தொலைக்கணினியிலும் அவ்வாறே இருந்தது, என்றோ பழுதுற்றிருக்கிறது. அச்சொல்லைக் கேட்டு எழுதிய மாணவர் இப்போது வளைகுடாவில் பணிபுரிகிறார். அவருக்கு மடல் எழுதியிருக்கிறோம்.