கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் எனக்கு ஏன் இவ்ளோ பிடிக்கும்?

சுகர், பிபி பத்திப் படிக்க வந்தவங்க இன்னிக்கு ஸ்க்ரோல் பண்ணிப் போயிடலாம். இது என் ஃபேவரிட் பேண்ட் பத்தின த்ரெட். கொஞ்சம் நீளம்.

2018 ஜனவரி 6. சென்னை கீழ்ப்பாக்கத்துல ஒரு ஸ்கூல் கிரவுண்ட். மேடையில 19 பேர். ஒரு பக்கம் எலக்ட்ரிக் கிட்டார், பேஸ், டிரம்ஸ். இன்னொரு பக்கம் பறை, சட்டி, மோளம். நடுவுல கானா பாடுறவங்க, ராப் பாடுறவங்க. இயக்குநர் பா.ரஞ்சித்தும் இசையமைப்பாளர் தென்மாவும் சேர்ந்து உருவாக்குன 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' பேண்டோட முதல் கச்சேரி அது. நான் கோயம்புத்தூர்ல உக்காந்து யூடியூப்லதான் பார்த்தேன். ராக் நிறைய கேட்டவன்தான். ஆனா டிரம்ஸும் பறையும் சரிசமமா மோதிக்கிற அந்தச் சத்தம் எனக்குப் புதுசு.

ஏன் புதுசுன்னு யோசிச்சுப் பாருங்க. கானா வடசென்னையில சாவு வீட்டுல விடிய விடியப் பாடி வளர்ந்த பாட்டு. பறைக்கும் 'சாவு மேளம்'னுதான் பேரு வாங்கிக் கொடுத்திருக்கோம். நம்ம கொங்குப் பக்கம் கோயில் நோம்பிக்கும் தப்பட்டை உண்டுதான். அடி பட்டையக் கிளப்பும், எல்லாரும் ஆடுவோம். ஆனா அடிக்கிறவர் எங்க நிக்கணும், எதுவரைக்கும் வரலாம்ங்கிறது ஊருக்கே தெரியும். யாரும் வாயத் திறந்து சொல்ல வேண்டியதில்ல.

டாக்டரா எனக்கு இது வேற மாதிரி உறுத்தும். இறப்புச் சான்றிதழ்ல கையெழுத்துப் போட்டதும் என் வேலை முடிஞ்சுது. அதுக்கப்புறம் அந்தக் குடும்பத்தோட ராத்திரி முழுக்க நிக்கிறது இந்த இசைக்காரங்கதான். என்னை 'சார்'னு கும்பிடுறாங்க. அவங்களுக்குத் திண்ணை கூடக் கிடையாது. ரெண்டு பேருமே ஒரே சாவைத்தான் தொட்டோம்.

அந்தச் சத்தத்தை எழவு வீட்டு வாசல்ல இருந்து தூக்கிட்டு வந்து, கிட்டாருக்குப் பக்கத்துல அதே உயரத்துல வச்சதுதான் இந்த பேண்ட் பண்ணுன வேலை. பறைக்குத் தோல் இறுகணும்னா தீயில காட்டணும். ஈரக்காத்து பட்டா சுதி இறங்கிடும். அதை எலக்ட்ரிக் கிட்டாரோட சேர்த்து மிக்ஸ் பண்றது லேசுப்பட்ட காரியம் இல்லீங்க.

பேரைப் பத்தியும் சொல்லணும். அது அயோத்திதாசப் பண்டிதர்கிட்ட இருந்து வந்தது. வெள்ளைக்காரன் சென்சஸ்ல ஒடுக்கப்பட்ட மக்களைச் 'சாதியற்ற தமிழர்'னு பதியச் சொன்னவர். அவரு ஒரு சித்த வைத்தியர்! வளர்ந்தது நமக்கு மேல நீலகிரியில. மேட்டுப்பாளையத்துல இருந்து மலை ஏறுனா அவர் ஊர்.

அதே மேட்டுப்பாளையத்துலதான் 2019 டிசம்பர் 2 அன்னிக்கு நடூர்ல சுவர் இடிஞ்சு 17 பேர் செத்தாங்க. அதைத் தீண்டாமைச் சுவர்னு அந்த மக்கள் சொன்னாங்க. 'இப்பல்லாம் யாரு சார் சாதி பாக்குறா'ன்னு என்கிட்ட சொல்றவங்களுக்கு இதைத்தான் ஞாபகப்படுத்துவேன். அப்படிச் சொல்ற அதே ஆளு கன்சல்டிங் ரூம்ல உக்காந்ததும், 'டாக்டருக்கு எந்தூருங்க? அப்பா என்ன பண்றாருங்க?'ன்னு சுத்தி வளைச்சு, 'நம்மாளுங்களா?'ல வந்து நிப்பாரு.

டாக்டருங்க எல்லாரும் கேக்க வேண்டிய பாட்டு ஒண்ணு இருக்கு, 'கோட்டா'. எம்பிபிஎஸ் சேர்ந்த முதல் வாரத்துல ஹாஸ்டல்ல 'உன் ரேங்க் என்ன?'ன்னு கேப்பாங்க. கேள்வி ரேங்க்கைப் பத்தினது இல்லன்னு கேக்குறவனுக்கும் தெரியும், பதில் சொல்றவனுக்கும் தெரியும். என் பேட்ச்ல அந்தக் கேள்விக்கு அப்புறம் மெஸ்ல தனியா உக்காந்து சாப்பிட்டவங்க இருக்காங்க. இட ஒதுக்கீடு பத்தி நூறு விவாதம் பார்த்திருப்பீங்க, அதுல ஆட முடியாது. இதுல முடியும்.

எல்லாப் பாட்டும் பிரமாதம்னு சொல்ல மாட்டேன். சிலது கோஷமாவே நின்னுடும். ஆனா இசைவாணி குரல் வந்துட்டா அந்தக் குறை மறந்துடும். ஆம்பளைங்க கோட்டையா இருந்த கானாவுல நின்னு பாடுற பொண்ணு. 2020ல பிபிசியோட 100 பெண்கள் பட்டியல்ல வந்தாங்க. அவங்க 2018ல பாடுன 'ஐ ஆம் சாரி ஐயப்பா'வுக்கு 2024ல போலீஸ்ல புகார் குடுத்தாங்க. ஆறு வருஷம் கழிச்சும் உறுத்துதுன்னா பாட்டு வேலை செய்யுதுன்னுதானே அர்த்தம்?

கேக்குறதா இருந்தா போன் ஸ்பீக்கர்ல வேண்டாம், பறையோட அடிச்சத்தம் காணாமப் போயிடும். ஹெட்போன் போடுங்க. வால்யூம் பாதிக்கு மேல போகாம பாத்துக்கோங்க, அப்புறம் காது கேக்கலன்னு எங்ககிட்டதான் வருவீங்க.