சத்தம் குறையணும்... சுவை குறையக் கூடாது!

தருமபுரிப் பக்கம் ஆடி பிறந்துவிட்டால் ஊருக்கு ஊர் மைக் செட்தான். மரக்கிளையில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டிவிட்டு, பந்தல் ஓரம் மேசை போட்டு உட்காரும் மைக் செட்காரர்தான் அன்றைக்கு முக்கியஸ்தர். கூழ் ஊற்றும் அறிவிப்பு தெருக்கோடி வரை கேட்பதும், விடிய விடிய நடக்கும் கூத்தின் பாட்டு கடைசி வரிசைக்கு எட்டுவதும் அவர் திருகும் குமிழில்தான் இருக்கிறது.

ஒரு காலத்தில் அந்த மேசையில் இருந்தது வால்வு ஆம்ப்ளிஃபயர். சுவிட்சைப் போட்ட உடனே பாட்டு வராது. கண்ணாடிக் குழலுக்குள் இழை சிவந்து சூடேறும் வரை காத்திருக்க வேண்டும். டிரான்சிஸ்டர் வந்ததும் அது பரணுக்குப் போனது. அங்கிருந்து காயலான் கடைக்குப் போனது.

ஆனால், உலகம் முழுக்க ஒரு கூட்டம் இன்னும் வால்வை விடவில்லை. அவர்கள் கிடார் வாசிப்பவர்கள். பலர் தாங்களே ஆம்ப்ளிஃபயர் கட்டிக்கொள்கிறார்கள். மைக் செட்காரருக்குக் குரல் உடையாமல் வர வேண்டும்; கிடார்காரருக்கோ கொஞ்சம் உடைந்தால்தான் சுவை. வால்வை அதன் எல்லைக்கு விரட்டினால் ஒலி அலையின் முனைகள் மழுங்கி, கனிந்த ஒரு கரகரப்பு வரும். ராக் இசையில் நாம் கேட்கும் கிடார் ஒலி அதுதான்.

சிக்கல் என்னவென்றால், அந்தக் கரகரப்புக்கு வால்யூமை முழுக்கத் திருப்ப வேண்டும். கிடாருக்கான 12 அங்குல ஸ்பீக்கர்களில் பல, வெறும் 1 வாட் கொடுத்தாலே ஒரு மீட்டர் தூரத்தில் 97 டெசிபலுக்கு மேல் ஒலிக்கும். நம் நாட்டு ஒலி மாசு விதிகள், 2000-ன்படி குடியிருப்புப் பகுதிக்கான அளவு பகலில் 55, இரவில் 45 டெசிபல். சுவரோடு சுவர் ஒட்டிய வீடு, பக்கத்தில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை என்றால் சொல்லவே வேண்டாம்.

‘சின்ன ஆம்ப்ளிஃபயராகக் கட்டினால் போச்சு’ என்று தோன்றும். காது அப்படிக் கணக்குப் போடுவதில்லை. 50 வாட்டை 5 வாட்டாகக் குறைத்தாலும், சத்தம் ஏறக்குறைய பாதியானதாகத்தான் காதுக்குப் படும்.

இதற்கு வந்த தீர்வுதான் மாஸ்டர் வால்யூம். இங்கிலாந்தின் மார்ஷல் நிறுவனம் 1975-ல் தன் 2203 மாடலில் இதை வைத்தது. குமிழ்கள் இரண்டு. முதலாவது, வால்வை எவ்வளவு விரட்டுவது என்பதற்கு. இரண்டாவது, அதில் எவ்வளவை வெளியே விடுவது என்பதற்கு. ஒகேனக்கல்லில் காவிரி பாறையில் மோதி நுரைக்கட்டும். வீட்டுக் குழாயில் வேண்டிய அளவு வந்தால் போதும்.

அந்த இரண்டாவது குமிழை எங்கே வைப்பது? வீட்டில் கட்டுகிறவர்கள் மணிக்கணக்கில் விவாதிப்பது இதைத்தான்.

முதல் இடம், சிறிய வால்வுகள் முடிந்த உடனே. மார்ஷல் வைத்தது இங்கேதான். செய்வது சுலபம், செலவும் குறைவு. ஆனால், ரொம்பக் குறைத்தால் ஒலி மெலிந்து, டப்பாவுக்குள் அடைத்த வண்டு மாதிரி ரீங்கரிக்கும்.

இரண்டாவது இடம், ஒலியை இரண்டாகப் பிரிக்கும் வால்வுக்குப் பின்னால், பெரிய வால்வுகளுக்கு முன்னால். பிரிக்கும் வால்வும் சேர்ந்து உழைப்பதால் குறைந்த சத்தத்திலும் ஒலி தடிப்பாக இருக்கும். இதற்கு ஒரே தண்டில் திரும்பும் இரட்டைக் குமிழ் வேண்டும். ஓர் எச்சரிக்கையும் உண்டு. பெரிய வால்வைக் கட்டுக்குள் வைக்கும் மின்னழுத்தம் பல வடிவமைப்புகளில் இந்தக் குமிழ் வழியாகவே போகிறது. குமிழ் தேய்ந்து தொடர்பு விட்டால் வால்வு செக்கச் சிவந்து வீணாகும். அதனால் பாதுகாப்புக்குத் தனியாக ரெசிஸ்டர்கள் சேர்ப்பது அவசியம்.

மூன்றாவது இடம், ஆம்ப்ளிஃபயருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே. எல்லா வால்வும் முழு மூச்சாக உழைக்க, மிஞ்சிய சக்தியை ஒரு பெட்டி சூடாக்கி வெளியே விட்டுவிடும். மூன்றில் ஒலி அசலுக்கு மிக நெருங்குவது இதில்தான். ஆனால், வால்வு சீக்கிரம் தேயும். ஓம் கணக்கும் சரியாகப் பொருந்த வேண்டும்.

எதை வைத்தாலும் ஒரு குறை மிஞ்சும். சத்தம் குறையும்போது மனிதக் காதுக்கு அடிநாதமும் கீச்சொலியும் மங்கித்தான் கேட்கும். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-லேயே இதை அளந்து காட்டிவிட்டார்கள். அதனால், இரவு பத்து மணிக்குத் திருவிழா ஒலியை எதிர்பார்க்கக் கூடாது. புதிதாகக் கட்டுகிறவர் முதல் முறையில் தொடங்கி, கை பழகியதும் இரண்டாவதற்குப் போவது நல்லது.

இன்னொன்று, உயிர் சம்பந்தப்பட்டது. வால்வு ஆம்ப்ளிஃபயருக்குள் ஓடுவது 300, 400 வோல்ட். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் அது தங்கியிருக்கும். அதை முறையாக இறக்கி, மீட்டரில் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். அளக்கும்போது ஒரு கையைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொள்வது பழைய மெக்கானிக்குகளின் பழக்கம்; மின்சாரம் ஒரு கையில் நுழைந்து நெஞ்சைக் கடந்து மறு கைக்குப் போகாது. ஸ்பீக்கரை இணைக்காமல் ஓட்டவும் கூடாது. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோகலாம்.

பரணில் தாத்தா காலத்து மைக் செட் கிடந்தால் அவசரப்பட்டு எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அதன் டிரான்ஸ்ஃபார்மர்களும் வால்வுகளும் நல்ல நிலையில் இருந்தால், விவரம் தெரிந்தவர் துணையோடு வீட்டுப் பிள்ளையின் கிடாருக்கு உதவும். இரண்டாவது குமிழ் ஒன்றை மட்டும் மறக்காமல் வைக்கச் சொல்லுங்கள். பிள்ளைக்கும் வாசித்த திருப்தி இருக்கும். பக்கத்து வீட்டிலும் நிம்மதியாகத் தூங்குவார்கள்.