பாம்பு சாப்பிடாவிட்டால்

பாம்பைப் பற்றிய பதிவு. பயந்தவர்கள் தாண்டிப் போகலாம், படம் எதுவும் போடவில்லை.

ராத்தாவின் மகன் இங்கிலாந்தில் படிக்கிறான். படிப்பு முடிந்து ஊருக்குப் போன அறைத்தோழன் தன் பாம்பை இவன் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டான். அங்கே றோயல் பைதன் என்பார்கள், அமெரிக்காவில் போல் பைதன். மேற்கு, மத்திய ஆபிரிக்காவின் பாம்பு, விஷமில்லை. பயந்தால் தலையை உள்ளே வைத்துப் பந்துபோல் சுருண்டுவிடும்.

டிசம்பரில் ஒரு நாள் சுபஹுக்கு முதல் வட்ஸ்அப். "மாமா, அஞ்சு கிழமையா ஒண்டும் திங்குதில்ல. மௌத்தாகிருமா?" விஞ்ஞான ஆசிரியருக்கு எல்லாம் தெரியும் என்று எங்கள் குடும்பத்தில் ஒரு நினைப்பு. விஷயம் கேள்விப்பட்ட ராத்தா, "பால் வெச்சுப் பாக்கச் சொல்லு" என்றா. பாம்பு இறைச்சி மட்டும் தின்னும் பிராணி. தாகத்தில் தவித்தால் பாலையும் உறிஞ்சும், ஆனால் அது அதற்குச் செரிக்காது. தண்ணீர்தான் வைக்க வேண்டும்.

நான் கேட்டது முதலில் நிறையைத்தான். சமையலறைத் தராசில் வைத்தான், 628 கிராம். தோழன் எழுதி வைத்திருந்தது 640. இந்தப் பாம்பு குளிர்காலத்தில் மாதக்கணக்கில் சாப்பிடாமல் கிடப்பது புதிதல்ல. தோல் கழற்றுவதற்கு முன்னும் சாப்பிடாது, அப்போது கண் பால்நீலமாக மங்கியிருக்கும். உடம்பு மெலியாமல் இருந்தால் பொறுக்கலாம். நிறையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால்தான் யோசிக்க வேண்டும். வாயைத் திறந்து எலியைத் திணிக்கும் வீடியோ ஒன்றையும் அனுப்பி "இப்பிடிச் செய்யவா?" என்றான். செய்யாதே என்றேன். தொண்டை கிழியும், பாம்பு இன்னும் மிரளும்.

பிறகு பெட்டியின் வெப்பநிலையைக் கேட்டேன். 23 பாகை! பாம்புக்கு நம்மைப் போல் சொந்தச் சூடு கிடையாது. ஒரு பக்கம் 31, 32 பாகை, மறுபக்கம் 26 அளவில் இருக்க வேண்டும், அது தேவைப்படும் பக்கம் போய்க் கிடக்கும். சூடு இல்லாமல் தின்றால் வயிற்றிலேயே அழுகிப்போகும், கக்கிவிடும். தின்னாமல் இருந்ததே அதன் புத்தி. சூட்டு விரிப்பு இருந்தது, அதைக் கட்டுப்படுத்தும் தேமோஸ்டற் இல்லை. சுட்டுவிடும் என்று பயந்து அணைத்து வைத்திருக்கிறான். தேமோஸ்டற் வாங்கினான். ஒளிந்துகொள்ள இரண்டு பக்கமும் ஒவ்வொரு பெட்டி வைத்தான்.

ஆனால் ஜனவரியில் ஒரு குரல்பதிவு வந்தது. மூச்சில் விசில்போல் ஒரு சத்தம், வாயோரம் நுரை. பட்டினிக்குப் பொறுத்திருக்கலாம், இதற்கு முடியாது. குளிரில் கிடந்த பாம்புக்கு வரும் சுவாசத் தொற்று, தானாக மாறாது. ஊர்வன பார்க்கும் மிருக வைத்தியரிடம் உடனே போ என்றேன். போகத் தயங்கினான். அந்தக் கட்டணம் அவனுக்கு இரண்டு கிழமைச் சாப்பாட்டுக் காசு. "பாம்புக்கு ஊசி போட நான் காசு அனுப்பணுமா?" என்று ராத்தா என்னோடுதான் சண்டை. பூனையைக் கட்டிப்போட்டு, தீனியும் போடாமல், வெளியே போய்த் தேடித் தின்னவும் விடாத பெண்ணைப் பற்றிய ஹதீஸ் எல்லோருக்கும் தெரியும். அதைத்தான் ஞாபகப்படுத்தினேன். பாம்பு வளர்க்கலாமா கூடாதா என்பதை உலமாக்களிடம் கேட்போம், ஆனால் கூட்டில் அடைத்தாகிவிட்டது, அது எங்கே போய் மருந்து தேடும்? அடுத்த நாள் காசு அனுப்பினா.

அன்ரிபயோற்றிக் ஊசி சில கிழமை போட்டார்கள். பெப்ரவரி கடைசியில், உறைய வைத்த எலியை இளகவிட்டு, வெந்நீரில் சூடாக்கி, நீண்ட இடுக்கியால் நீட்டினான். அல்ஹம்துலில்லாஹ், பிடித்தது. உயிருள்ள எலியைப் போட வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்தேன், பசியில்லாத பாம்பை எலி கடித்துக் குதறிவிடும். தின்ற பிறகு இரண்டு நாள் தூக்கக்கூடாது. தொட்டால் கை கழுவ வேண்டும், சல்மனெல்லா இருக்கலாம்.

இந்தக் கதையைக் கேட்ட ஒன்பதாம் ஆண்டுப் பிள்ளைகள் இரண்டு பேர், வயலில் கண்ட வெங்கிணாந்திக் குட்டியை மீன் தொட்டியில் வளர்க்கலாமா சேர் என்று வந்தார்கள். இலங்கையில் அது பாதுகாக்கப்பட்ட பிராணி, பிடித்து வைப்பது குற்றம். 1937ஆம் ஆண்டிலிருந்து அதற்குச் சட்டமே இருக்கிறது. கண்ட இடத்திலேயே விட்டுவிட்டு வாருங்கள், வீட்டுக்குள் வந்தால் வனஜீவராசிகள் திணைக்களத்துக்குச் சொல்லுங்கள் என்று அனுப்பினேன்.