தனிப்படைக்குப் போகும் தம்பிக்கு

சிறுவாச்சூர்,
3.9.2013

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். உன்னை மறுபடி தனிப்படைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், நீ சரியாகச் சாப்பிடுவதுகூட இல்லை என்று உன் பெண்டாட்டி அரியலூரிலிருந்து போன் பண்ணி அழுதாள். உன்னிடம் கேட்டால் "ஒண்ணுமில்லக்கா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

பேப்பரில் படித்தேன். ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் பெங்களூர் பரப்பன அக்ரஹாரா ஜெயிலிலிருந்து மதிலேறித் தப்பிவிட்டான், பல பெண்களைக் கொன்ற அந்த ஜெய்சங்கர். அவனை நன்றாகத் தெரிந்த ஆள் வேண்டும், அதற்குத்தான் நீ.

2011 மார்ச் 17-ஐ நீ இன்னும் மனதிலிருந்து இறக்கவில்லை. அன்றைக்குத்தான் தருமபுரி கோர்ட்டுக்குக் கூட்டிப்போய்விட்டுக் கோவை ஜெயிலுக்குத் திரும்பும்போது அவன் சேலம் பஸ் ஸ்டாண்டில் தப்பினான். வழிக்காவலுக்கு வந்தது இரண்டே பேர். 2009-ல் பந்தோபஸ்துக்கு வந்த பெண் காவலரையே கடத்திக் கொன்ற வழக்கில் பிடிபட்டவனுக்கு இரண்டு பேர் போதுமா? மறுநாள் அந்த இருவரில் ஒருவர் தன்னையே சுட்டுக்கொண்டு செத்தார். நீ ராத்திரியில் எழுந்து உட்கார ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். தப்பின பிறகு கர்நாடகத்தில் ஜெய்சங்கர் கொன்ற பெண்களையெல்லாம் உன் தலையில் போட்டுக்கொண்டாய். அந்தப் பாவம் உன்னுடையதில்லை தம்பி. நீ அந்த பஸ் ஸ்டாண்டில்கூட இல்லை.

போகாதே என்று சொல்ல மாட்டேன். ஆனால் நீ ஒருத்தன்தான் பிடித்தாக வேண்டும் என்ற நினைப்போடு போகாதே. போன முறை இரண்டு மாநிலப் போலீசும் ஏழு வாரம் அலைந்தீர்கள். கடைசியில் மே மாதம் பிஜாப்பூர் பக்கம் எலகி கிராமத்தில், வயலில் வேலையாக இருந்த ஒரு பெண்ணிடம் சோறும் தண்ணீரும் கேட்டு வந்து அவளையே பிடித்து இழுத்தான். அவள் போட்ட கூச்சலில் புருஷனும் கூட இருந்தவரும் ஓடிவந்து மடக்கிவிட்டார்கள். அவன் யாரென்று அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் பக்கத்தில் வரும் முன்னாலேயே கத்தியிருப்பாள்.

பம்பாயில் தொடர்கொலை செய்த ராமன் ராகவ் கதையும் உனக்குத் தெரியும். சந்தேகத்தில் பிடித்து, சாட்சி இல்லையென்று ஒருமுறை விட்டுவிட்டார்கள். 1968-ல் நடைபாதையிலும் குடிசையிலும் தூங்கினவர்கள் மறுபடி செத்து விழுந்தபோது, போலீஸ் அதிகாரி ரமாகாந்த் குல்கர்ணி விசாரணையைக் கையில் எடுத்தார். அந்த ஆகஸ்டில் அலெக்ஸ் ஃபியால்ஹோ என்ற சப்-இன்ஸ்பெக்டர் தெருவில் வைத்தே ஆளை அடையாளம் கண்டுகொண்டார். போட்டோவில் பார்த்த முகம் மனதில் இருந்ததால் முடிந்தது.

அதனால் ஜெய்சங்கர் போட்டோவை ஸ்டேஷன் சுவரில் மட்டும் ஒட்டிவைக்காதீர்கள். இங்கே இப்போது மக்காச்சோளத்திலும் பருத்தியிலும் களையெடுப்பு. காலையில் போகும் பெண்கள் பொழுது சாய்ந்துதான் வருவார்கள், ஸ்டேஷன் வாசல் பார்த்ததே இல்லை. அவர்கள் கையில் கொண்டுபோய்க் கொடுங்கள். அவன் லாரி ஓட்டின ஆள், ரோடு அவனுக்கு அத்துப்படி. திருச்சி ரோட்டுப் பஞ்சர் கடைக்காரரிடமும் அரியலூர் சிமென்ட் லாரிக்காரர்களிடமும் கொடுங்கள்.

இன்னொன்று, இதை அக்காவின் கட்டளை என்றே வைத்துக்கொள். பெண்ணைக் காணோம் என்று யார் வந்தாலும், "எவன்கூடவாவது போயிருப்பா" என்று ஒருவரும் திருப்பி அனுப்பக் கூடாது. ரோட்டோரம் நின்று பிழைக்கிற பெண்ணாக இருந்தாலும் எழுதி வாங்க வேண்டும். அவளைத் தேடி யாரும் வரமாட்டார்கள் என்ற தைரியத்தில்தானே இவனைப் போன்றவர்கள் அடுத்தவளிடம் போகிறார்கள்? நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

வெள்ளிக்கிழமை மாமா அரியலூர் வந்து உன் பெண்டாட்டியையும் மருமகளையும் இங்கே கூட்டிவருவார். அன்றைக்கு மதுரகாளியம்மன் கோயில் திறந்திருக்கும், உன் பெயருக்கு அர்ச்சனை செய்கிறோம். டாக்டர் கொடுத்த தூக்க மாத்திரையை வீட்டில் விட்டுவிட்டுப் போகாதே. கேஸ் முடிந்ததும் அவரை மறுபடி போய்ப் பார்க்க வேண்டும், நானும் கூட வருகிறேன். ராத்திரி எத்தனை மணிக்கு முழிப்பு வந்தாலும் எனக்குப் போன் போடு.

அன்புடன்,
அக்கா