பறை முழக்கமும் பணப்பையும்

பறை என்ற சொல்லுக்குத் தமிழிலே இரு பொருள் உண்டு. ஒன்று, தோல் போர்த்த கருவி. மற்றொன்று, சொல்லுதல். வாய்விட்டுச் சொல்வதைப் ‘பறைதல்’ என்றனர் நம் முன்னோர். மலையாள நாட்டார் இன்றும் அவ்வாறே வழங்குகின்றனர். சொல்லுவதற்கென்றே பிறந்த கருவியைச் சொல்லவிடாமல், சாவு வீட்டு வாயிலிலே நிறுத்தி வைத்த ‘பெருமை’ நம் நாட்டுச் சாதி முறைக்கே உரியது. ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களை எண்ணும் தொல்காப்பியம், தெய்வம், உணவு, மரம், புள் என்ற வரிசையிலே பறையையும் வைத்து எண்ணுகிறது. நிலமெல்லாம் முழங்கிய கருவி, பின்னாளில் ஊருக்குப் புறத்தே ஒரு சேரியின் கருவியாக ஒடுக்கப்பட்டது. ஒடுக்கியவர் யார், ஏன் ஒடுக்கினர் என்பது வாசகத் தோழர்கள் அறியாததன்று. அக்கருவியை மீண்டும் ஊர் நடுவே கொண்டுவர விரும்பும் இளைஞர் குழு ஒன்று எப்படி நடக்கிறது, எதைக் கொண்டு வாழ்கிறது, அதைக் கேட்போர் யார் என்பதையே இங்கே சொல்ல வருகிறோம்.

சோளிங்கர் நம் ஊர். 1781-இல் ஐதர் அலியின் படையும் கும்பினிப் படையும் மோதிய களம் என்று வரலாறு படித்தோர் அறிவர். 1,305 படிகள் ஏறி நரசிம்மர் மலைக்குச் செல்லும் கூட்டத்தார் வேறு வகையில் அறிவர். 2019-இல் வேலூர் மாவட்டம் பிரிக்கப்பட்ட பின் இராணிப்பேட்டை மாவட்டத்தைச் சேர்ந்துவிட்டோம். மேற்கே செல்லச் செல்ல, இராணிப்பேட்டை, மேல்விசாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று தோல் பதனிடும் ஊர்களும் காலணி ஆலைகளும் வரிசையாக வரும். நம் குழுவிலே பதினெட்டுப் பேர். ஆலைக்குச் செல்வோர் சிலர், தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகள் சிலர், கல்லூரி மாணவர் சிலர், பெண்கள் அறுவர். வாழ்நாள் எல்லாம் பறையோடு வாழ்ந்த முதியவர் ஒருவர் ஆசான். மாலை ஏழு மணிக்குமேல் பழக்கம். இவ்வளவுதான் நம் படை, நம் பாசறை.

குழு தொடங்கிய நாளிலே நம்மை எதிர்த்து நின்றவர்கள் மேல்சாதியார் அல்லர். நம் தோழர்களின் பெற்றோரே. “இந்தக் கட்டையைக் கீழே போடத்தானே உங்கள் பாட்டன்மார் பாடுபட்டார்கள்? படித்த பிள்ளைகள் நீங்கள் அதை மறுபடியும் தோளில் மாட்டுவதா?” என்று ஒரு தாய் கேட்டார். எளிதில் தள்ளிவிடக்கூடிய கேள்வியன்று அது. 1893-இல் இரட்டைமலை சீனிவாசனார் தம் இதழுக்குப் ‘பறையன்’ என்றே பெயரிட்டார், இழிவென்று வீசப்பட்ட பெயரை எடுத்துக் கொடியாக்க. 1922-இல் எம். சி. ராஜா போன்றோரின் முயற்சியால், அதே பெயர் அரசாங்க ஏடுகளிலிருந்து நீங்கி ‘ஆதிதிராவிடர்’ என்ற பெயர் ஏறிற்று. தென்னார்க்காட்டிலே எல். இளையபெருமாள், பறையடிக்கும் கட்டாய ஊழியத்தையும் செத்த மாடு தூக்கும் ஊழியத்தையும் விட்டொழிக்குமாறு ஊர் ஊராகச் சொன்னார். பெயரை ஏந்தியவரும் போராளி. பெயரை நீக்கியவரும் போராளி. கருவியைக் கீழே போடச் சொன்னவரும் போராளி. இவர்களுள் யார் பக்கம் நாம்?

மூவர் பக்கமும் என்பதே நம் விடை. இளையபெருமாள் கீழே போடச் சொன்னது தோலையும் மரத்தையும் அன்று, கட்டாயத்தை. ஒருவன் பிறப்பினாலே இதை அடித்தாக வேண்டும் என்ற விதி இருக்கும் வரையில், அடிக்க மறுப்பதே தன்மானம். அந்த விதி உடைந்த இடத்திலே, விரும்பிய எவரும் கற்று, உரிய ஊதியம் பெற்று அடிப்பதும் தன்மானமே. தறிக்காரர் மகனும் கடைக்காரர் மகளும் அதே பறையைத் தோளில் மாட்டிச் சேரித் தோழனோடு ஒரே வரிசையில் நிற்கும்போதுதான், அது சாதியின் கருவி அன்று, கலையின் கருவி என்பது கண்ணுக்குத் தெரிகிறது. அந்தத் தாயிடம் இதைச் சொன்னோம். அவர் உடனே ஒப்பவில்லை. “விதி உடைந்துவிட்டதா என்று ஊரைப் பார்த்துச் சொல்கிறேன்” என்றார். அதுவும் நேர்மையான விடையே.

ஊரை அளக்க நாம் மூன்று விதிகள் வகுத்துக்கொண்டோம். அழைப்பும் ஊதியமும் எழுத்திலே இருக்கவேண்டும். அழைத்தவர் வீட்டுப் பந்தியிலே நமக்கும் அதே இலை, அதே வரிசை. குடித்துவிட்டு எவரும் கருவியைத் தொடலாகாது. இம்மூன்றுக்கும் உட்பட்டு எவர் அழைத்தாலும் மணவீடும் பிணவீடும் நமக்கு ஒன்றே. ‘வழக்கம்’ என்று சொல்லி அழைப்போர்க்கு இரண்டிலும் நாம் இல்லை.

விதி வகுப்பது எளிது. விதிக்கு விலை கொடுப்பது அரிது. பறைக்கு ஆண்டு முழுவதும் தவறாமல் வருமானம் தருவது சாவு வீடு ஒன்றுதான். அங்கே கூலியில் பாதி சாராயமாக வருவதும், மீதி திண்ணைக்குக் கீழே எறியப்படுவதும் பல ஊர்களிலே பழகிப்போன காட்சி. அதை வேண்டாம் என்றவுடன் வரும்படியின் பெரும்பகுதி வேண்டாம் என்றாகிவிடுகிறது. குழுவிலே ஒரு தோழர் இருக்கிறார். அவர் வீட்டு அடுப்பு எரிவதே தந்தையார் சாவு வீட்டில் அடித்துக் கொண்டுவரும் பணத்தில். தந்தைக்கு உடல் நலம் குன்றிய நாட்களில் மகன் போயாக வேண்டும். ‘விதியை மீறுபவரை விலக்குவோம்’ என்றனர் சிலர். நாம் விலக்கவில்லை. பசியை விதி எழுதி வெல்ல முடியாது. வேறு வருமானம் காட்டித்தான் வெல்ல முடியும். கருவி செப்பனிடும் பணியை அவருக்கே கொடுத்தோம். அதற்குரிய கூலியைப் பொதுப்பணத்திலிருந்து முதலிலே எடுத்து வைத்தோம். இன்றும் அவர் சில நாட்களிலே தந்தைக்கு மாற்றாகப் போகிறார். அந்நாட்கள் குறைந்து வருகின்றன, அவ்வளவே சொல்லலாம்.

இனி, செலவைப் பார்ப்போம். வேப்பமரத்துத் துண்டுகளை வளைவாகச் செதுக்கி, இரும்புப் பட்டையால் பிணைத்துச் சட்டம் செய்கிறார்கள். அதன்மேல் புளியங்கொட்டைப் பசை தடவித் தோலை இழுத்து ஒட்டுகிறார்கள். இடக்கைக்கு மெல்லிய நீண்ட மூங்கிற்குச்சி, வலக்கைக்குத் தடித்த அடிக்குச்சி. இவ்வளவு எளிய கருவிக்குத் தோல் கிடைப்பதே பெரும்பாடு என்றால் நகைப்பீர்கள். தோல் நாட்டிலேயா தோலுக்குப் பஞ்சம்? ஆம். ஆலைத்தோல் வேறு, பறைத்தோல் வேறு. ஆலையிலே குரோம உப்பில் ஊறிய தோல், மெத்தென்று வளையும். காலணிக்கு ஆகும், ஓசைக்கு ஆகாது. பறைக்கு வேண்டியது பதனிடாத பச்சைத்தோல்: மயிர் நீக்கி, சுரண்டி, வெயிலில் உலர்த்தியது. தீயில் காட்டினால் ஈரம் வற்றி விறைத்துக் கணீரென்று பேசுவது அதுவே. நாள்தோறும் ஆலையிலே தோலைத் தொடும் நம் தோழர், ஒரு பறைக்குத் தோல் தேடிப் பல கல் தொலைவு அலைகிறார். மழைக்காலத்தில் தோல் தளர்ந்து ஓசை செத்துவிடும். அப்போது பிளாஸ்டிக் முகமிட்ட பறையை எடுக்கிறோம். ஆசானுக்கு அதன் ஓசை பிடிக்காது. ஆனால் ஐப்பசி மழைக்கு ஆசானின் விருப்பம் தெரியாது.

வரவு மூன்று வழியாக வருகிறது. முதலாவது, நிகழ்ச்சிக் கட்டணம். பொங்கல், அம்பேத்கர் பிறந்த ஏப்ரல் 14, பெரியார் பிறந்த செப்டம்பர் 17, பள்ளி ஆண்டு விழா, சீர்திருத்தத் திருமணம் ஆகியவை நம் அறுவடைக் காலம். இரண்டாவது, பயிற்சிக் கட்டணம். விடுமுறையிலே நகரத்துப் பிள்ளைகளும் வேலைக்குச் செல்லும் இளைஞரும் பறை கற்க வருகிறார்கள். இயன்றவர் கொடுப்பர், இயலாதவர் கொடுக்க வேண்டியதில்லை. மூன்றாவது, மாதச் சந்தா. சிறு தொகைதான், ஆயின் அதுவே நிலையானது. நூறு ரூபாய் வந்தால் அறுபது ஆடுவோர்க்குச் சமபங்கு, ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறுபாடின்றி, இருபது கருவிக்கு, பத்து வழிச்செலவுக்கு, பத்து, தோழர்களின் தேர்வுக் கட்டணத்துக்கும் நூலுக்கும். மாதக் கடைசியிலே கணக்கேட்டைச் சத்தமாகப் படிக்கிறோம். பறையடிக்கும் குழுவிலே கணக்கு மட்டும் காதோடு காதாகச் சொல்லப்படலாமோ?

கணக்கைவிடக் கடினமான சோதனை ஒன்று வந்தது. ஓரூரிலே விழாக் குழுவார் நல்ல தொகைக்குப் பேசி முன்பணமும் கொடுத்தனர். புறப்படும் முதல் நாள் சொல்லியனுப்பினர்: “தெருவின் கடைசி வரையில் அடித்து வாருங்கள், எங்கள் தெருவுக்குள் மட்டும் அடிக்காமல் நடந்து வாருங்கள்.” குழு கூடிற்று. அத்தொகையைக் கொண்டு புதுப் பறைகள் வாங்குவதென்று முன்னமே முடிவு செய்திருந்தோம். அடிக்காமல் நடப்பதிலே என்ன குறைந்துவிடும் என்று கேட்டவரும் நம்மிலே இருந்தனர். அன்று பேசியவர், நம்மை முதலிலே எதிர்த்த அந்தத் தாயின் மகள். “ஒரு தெருவுக்கு நாம் ஊமையானால், அடுத்த ஆண்டு இரண்டு தெருவுக்கு ஊமையாக வேண்டும்” என்றாள். முன்பணம் திரும்பிற்று. புதுப் பறை ஓராண்டு தள்ளிப்போயிற்று. ஆயினும் செய்தி பரவி, நாம் கேள்விப்பட்டிராத ஊர்களிலிருந்து இரண்டு அழைப்புகள் வந்தன. இழந்த தொகைக்கு அவை ஈடாகவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

கேட்போரைப் பெருக்குவது எவ்வாறு? மேடை போட்டு ‘வாருங்கள்’ என்றால் வருபவர் முன்னமே நம்மவர். ஆகையால் மக்கள் ஏற்கெனவே கூடும் இடத்துக்கு நாம் போகிறோம்: சந்தை முடியும் நேரம், ஆலை விடும் நேரம், பேருந்து நிலையத்து ஓரம். கார்த்திகை ஞாயிறுகளில் மலைக்கு வரும் பெருங்கூட்டத்திலே, சிறிது நேரம் நின்று கேட்போரும் ஆயிரக்கணக்கில் உண்டு. வெறுமனே அடித்துவிட்டுப் போவதில்லை. இது சாமிச்சாட்டு, இது சப்பரத்தடி, இது மாரடிப்பு, இது வாழ்த்தடி என்று ஒவ்வொன்றையும் அடித்துக் காட்டி, வேற்றுமையைக் கேட்பவர் காதே உணரும்படி செய்கிறோம். ‘டமடம’ என்று ஒரே ஓசையாகக் கேட்ட காது, கால்மணி நேரத்திலே வகை பிரிக்கக் கற்கிறது. பிறகு ஒருவரை அழைத்துக் குச்சியைக் கையில் கொடுக்கிறோம். ஒருமுறை அடித்தவர் மறுமுறை கேட்க வருகிறார். வரும்போது வீட்டாரையும் அழைத்து வருகிறார். பம்பைக்காரரையும் தெருக்கூத்துக்காரரையும் நம் மேடைக்கு அழைக்கிறோம். அவர் இரசிகர் நமக்கும், நம் இரசிகர் அவருக்கும் கிடைக்கின்றனர்.

இவ்வழியிலே முதலில் நடந்தவர் நாம் அல்லர். திண்டுக்கல்லிலே சகோதரி சந்திராவும் தோழியரும் நடத்திய சக்தி கலைக்குழு, தாழ்த்தப்பட்ட குடும்பத்து இளம்பெண்களின் கையிலே பறையைக் கொடுத்தது. பறையோடு தையல் போன்ற தொழிலும் கல்வியும் கொடுத்தது. பெண் தொடலாகாது என்ற தடையும், பிறர் தொடலாகாது என்ற இழிவும் ஒரே அடியிலே தகர்ந்தன. மதுரை மாவட்டத்து அலங்காநல்லூரைச் சேர்ந்த வேலு ஆசான், எண்ணற்ற இளைஞருக்குப் பறை கற்பித்தார். 2025-இல் இந்திய அரசின் பத்மஸ்ரீ விருது அவர் பெயருக்கு அறிவிக்கப்பட்டது. 2007-இல் தொடங்கிய சென்னை சங்கமம், கிராமத்துக் கலைகளைத் தலைநகரின் பூங்காக்களுக்குக் கொண்டுவந்தது. 2020 டிசம்பரிலே தொடங்கிய ‘மார்கழியில் மக்களிசை’, சபாக்களின் மாதத்திலே மக்கள் இசைக்கும் இடம் கேட்டது.

கடல் கடந்தும் பாருங்கள். ஜப்பானிலே தோல் தொழில் செய்த காரணத்தால் தீண்டத்தகாதாராக நடத்தப்பட்ட புராக்கு மக்கள், தலைமுறை தலைமுறையாகப் பெருமுரசு செய்து பிறருக்கு விற்றனர். 1987-இல் ஒசாகா நகரத்து நானிவா பகுதி இளைஞர், தாங்களே அதை முழக்க ஒரு குழு அமைத்தனர். குழுவுக்கு இட்ட பெயர் ‘இக்காரி’. சினம் என்று பொருள். பிரேசிலின் சால்வடோர் நகரிலே கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதியிலே 1979-இல் பிறந்த ‘ஒலோடும்’ முரசுக் குழு, சிறுவர்க்குப் பள்ளியும் நடத்திற்று. 1996-இல் மைக்கேல் ஜாக்சனே அதனோடு ஆட வந்தார். தோலைத் தொட்டவன் தாழ்ந்தவன் என்ற பொய் உலகின் பல மூலைகளிலும் ஒன்றாகவே இருந்திருக்கிறது. அதற்குக் கிடைத்த மறுமொழியும் ஒன்றாகவே இருக்கிறது.

விருதும் விழாவும் வரவேற்கத்தக்கனவே. நாட்டுப்புறக் கலைஞர்களுக்கென 2007-இல் அமைந்த நல வாரியமும் நன்றே. ஆயின் குழுவை வாழவைப்பது ஆண்டுக்கொருமுறை வரும் கைத்தட்டல் அன்று. மாதந்தோறும் வரும் அழைப்பே. ஆகையால் வாசகத் தோழர்களிடம் நம் வேண்டுகோள் சுருக்கமானது. உங்கள் வீட்டு மணவிழாவுக்கு, நூலக விழாவுக்கு, பள்ளி விழாவுக்கு உங்கள் ஊர்ப் பறைக்குழுவை அழையுங்கள். தவிலுக்கும் நாயனத்துக்கும் பேசும் தொகையிலே குறைக்காமல் பேசுங்கள். ஆடி முடித்தவரை உங்களோடு பந்தியில் அமர்த்துங்கள். முடிந்தால் உங்கள் மகனையும் மகளையும் ஒரு கோடை விடுமுறைக்கு அனுப்பி வையுங்கள். விதி உடைந்துவிட்டதா என்று அந்தத் தாய் ஊரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். விடை சொல்ல வேண்டியது நம் பறை மட்டுமன்று, உங்கள் பந்தியும்தான்.