முழு நிமிடம்

1860இல் ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் தாதியர் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். அங்கு மாணவியர் வார்டிலேயே, நோயாளிகளைக் கவனித்தபடி, தொழில் கற்றனர். அம்முறை இன்றும் தொடர்கிறது.

ஒருநாள் பயிற்சித் தாதி ஒருவர் முதியவரின் நாடியை 15 விநாடி எண்ணினார், 20 துடிப்புகள். அதை நான்கால் பெருக்கி, 80 என்று குறித்தார். பெரியவர்களுக்கு நிமிடத்திற்கு 60 முதல் 100 வரை இயல்பான அளவு. கணக்குச் சரிதான்.

“முழு நிமிடமும் எண்ணிப் பாரும்மா,” என்றார் பயிற்றுநர்.

இம்முறை சில துடிப்புகள் முந்தின, சில தயங்கின. நாடி சீராக இல்லை! உடனே மருத்துவருக்குத் தகவல் சென்றது.

மாணவியின் முகம் வாடியது. பயிற்றுநர் கடிந்துகொள்ளவில்லை. அடுத்த கட்டிலில், யாரும் சொல்லாமலே, மாணவி ஒரு நிமிடம் முழுவதும் எண்ணினார். பயிற்றுநர் பேசாமல் அருகில் நின்றார்.